காலங்கடந்த வழக்கு

ஸ்டேஷன் வாசலில் பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடந்தன. பக்கத்தில் கிடைத்த நிழலில் ரெபேக்காள் குந்தியிருந்தாள். சிறுசேரியில் ஒரு கம்பெனி கேண்டீனில் காலை ஷிப்டு முடித்து, பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு அரித்து, விரலிடுக்குகளில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது.

ஏட்டு செல்வராஜ் சாப்பிட்டு வாய் துடைத்தபடி வந்தார்.

"இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்காரும்மா. விசாரணை நடந்துகினுதான் கீது."

"யாரை சார் விசாரிச்சீங்க? எங்க காலனில ஒருத்தரையும் கேக்கல. என்னியகூட கேக்கல."

"கேப்பாங்க. நீ வூட்டுக்குப் போ."

இரண்டாயிரத்து மூன்றில் போட்ட வழக்கு அது. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையை மனை போடுகிறவர்கள் பொக்லைன் வைத்துத் தோண்ட வந்தார்கள். காலனிப் பெண்கள் குறுக்கே உட்கார்ந்தார்கள். ரெபேக்காளின் அம்மாவை அந்தப் பாதையில் எடுத்துப்போய்ப் புதைத்து மாதம்கூட ஆகவில்லை. ரெபேக்காள்தான் முன்னால் உட்கார்ந்தாள். அத்துமீறி நுழைந்து மிரட்டியதாக மனைக்காரர் புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கையில் அவள் பெயர் ஏறியது. அதன்பிறகு போலீஸ் காலனிப் பக்கம் வரவேயில்லை.

மறுவருஷம் அரசு மாணவியர் விடுதியில் சமையலர் வேலைக்கு அவளைத் தேர்வு செய்தார்கள். எந்தச் சிபாரிசும் இல்லாமல் கிடைத்த வேலை. போலீஸ் சான்று கேட்டார்கள். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று பதில் போனது. வேலை கைநழுவியது. அதன்பிறகுதான் அவள் ஸ்டேஷனுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

கொத்தனார் வேலை செய்யும் புருஷன் பூபாலன் அன்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "நான் வோணா மனைக்காரன் கால்ல வுழுந்து, புகாரை வாபஸ் வாங்கச் சொல்லட்டா?"

"நான் கேண்டீன்லயே தேச்சிக்கிறேன். நீ யார் கால்லயும் வுழ வேணாம்."

அவன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செங்கல்பட்டில் தான் பூச்சு வேலை செய்த வீட்டில் குடியிருந்த வக்கீல் ஸ்ரீதேவியிடம், இரண்டாயிரத்து ஏழில், அவளைக் கூட்டிப்போனது அவன்தான்.

வக்கீல் முதல் தகவல் அறிக்கையின் நகலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல இருக்கிற பிரிவுகளுக்கு மூணு வருஷத்துக்குள்ள போலீஸ் கோர்ட்டுல குற்றப்பத்திரிகை தாக்கல் பண்ணணும். அது தாண்டியாச்சு. உயர்நீதிமன்றத்துல மனு போட்டு ரத்து பண்ணச் சொல்லலாம்."

ரெபேக்காள் நகலைத் திரும்ப வாங்கி மடித்தாள்.

"அவங்க சும்மா இருந்ததாலதாம்மா என் வேலை போச்சு. இப்ப அவங்க சும்மா இருந்ததாலயே கேஸும் போயிடுமா?"

"சட்டப்படி அப்படித்தான்."

"நான் யாரையும் மிரட்டலன்னு யார் சொல்லுவாங்க?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு விசாரணை நடந்து சாட்சியெல்லாம் வரணும். இன்னும் பல வருஷம் ஆகும். இது சுருக்கு வழி. நான் பண்ணித் தரேன்."

மனு போட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. விசாரணை நாளன்று, வர வேண்டியதில்லை என்று வக்கீல் சொல்லியும், அவள் சென்னைக்குப் போனாள். பஸ்ஸில் உதட்டை அசைத்து அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டாள்: எங்க அம்மாவைப் பொதைக்க எடுத்துப்போன பாதைங்க ஐயா. உட்கார்ந்தது நெசம். யாரையும் ஒரு வார்த்த சொல்லல.

கோர்ட்டில் கடைசி வரிசையில் நின்றாள். வழக்கைக் கூப்பிட்டதும் ஸ்ரீதேவி இங்கிலீஷில் பேசினார். அரசு வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டி ஏதோ சொன்னார். நீதிபதி தலையசைத்தார். ரெபேக்காள் முந்தானையைச் சரிசெய்து ஓரடி முன்னால் வந்தபோது அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

"முடிஞ்சிடுச்சு. ரத்து பண்ணிட்டாங்க" என்று வராந்தாவில் வக்கீல் அவள் தோளைத் தொட்டார். ரெபேக்காள் கும்பிட்டாள்.

உத்தரவு நகல் கிடைத்ததும் விடுதிக்குப் போனாள். வார்டன் ஞானம்பாள் அதை நிதானமாகப் படித்தார்.

"அந்த வேலைக்கு அப்பவே ஆள் போட்டுட்டாங்கம்மா. புதுசா எழுதிப் போடவும் உனக்கு வயசு தாண்டிடுச்சு." அவர் குரல் இறங்கியது. "இன்னிக்கு எங்க சமையல்காரம்மா வரல. பொண்ணுங்க ஸ்கூல் வுட்டு வந்துடும். உன்னால முடியுமா?"

ரெபேக்காள் புடவையை இழுத்துச் செருகினாள். வார்டன் கொடுத்த சாவியால் மளிகை அறையை அவளே திறந்து பருப்பு அளந்தாள். அத்தனை பெரிய அண்டாவில் அவள் சமைத்ததில்லை. ஆனாலும் கை தயங்கவில்லை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். குழம்பை மறுபடி கேட்டு வாங்கினார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து ஊற்றினாள்.

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தபோது வேண்டா என்கிற அந்தச் சமையல்காரி வந்துவிட்டாள். மகளைக் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனதாகச் சொன்னாள்.

"ரொம்ப உபகாரம்க்கா. சாவியக் குடுங்க."

ரெபேக்காள் இடுப்பிலிருந்து மளிகை அறைச் சாவியை அவிழ்த்து, முந்தானையில் ஈரத்தைத் துடைத்து, நீட்டிய கையில் வைத்தாள்.