கல்லத்திக்குளத்துத் தங்கத் தாரா

2025 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை காலை, சீவலப்பேரிக்குத் தெற்கே கல்லத்திக்குளத்தின் நடுத்திட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு வாத்து தூங்கிக்கொண்டிருந்தது.

பார்த்தவள் கலைச்செல்வி. கங்கைகொண்டானில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுக்குப் போகாமல் நேரே குளத்தங்கரைக்கு வண்டியை விடுவது மூன்று வருடப் பழக்கம். அன்றும் ஊசிவால் வாத்துகளைப் பார்த்துக்கொண்டே வந்தவளின் பைனாகுலர் அந்த நிறத்தில் முட்டி நின்றது. தங்கத் தாரா என்று மனசு சொன்னது. புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். பொன்னிற உடம்பு, வெளிறிய தலை, சிறகை விரித்தால் முன்பாதி முழுக்கப் பளிச்சென்ற வெள்ளை. குளிர்காலத்தில் வடக்கே ஏரிகளில் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும் பறவை. நெல்லைப் பக்கம் அதைப் பார்த்தேன் என்று சொன்ன ஒருவரையும் அவள் சந்தித்ததில்லை.

பைனாகுலரின் கண்ணாடியில் போனை வைத்து ஒரு படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினாள். படத்தில் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒரு புள்ளி தெரிந்தது.

கால் மணி நேரத்தில் மகாராஜா கூப்பிட்டார். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். பறவை பார்ப்பவர்களின் குழுவுக்கு அவர்தான் தலை. பிப்ரவரி மாதப் பறவைக் கணக்கெடுப்பில் எந்தக் குளம் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பதும் அறிக்கை எழுதுவதும் அவர் பொறுப்பு. கல்லத்திக்குளம் அவருடைய மாமனார் வீட்டுக்குப் பக்கம் என்பதால் தொடக்கத்தில் இருந்தே அவர் பெயரில் இருந்தது. வருடத்தில் ஒரு நாள், கணக்கெடுப்பு அன்று மட்டும் அங்கே வருவார். மழையிலும் வெயிலிலும் கரையில் நிற்கிறவள் கலைச்செல்வி. அறிக்கையில் வருவது மகாராஜாவின் பெயர். குளத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இரண்டு தடவையும் "பாப்போம்மா" என்றார்.

"கலை, நெசமாவே தாராவாம்மா?"

"தூங்குது சார். றெக்கையை இன்னும் பாக்கல."

"அது மட்டும் தாராவா இருக்கட்டும், இந்த வருசமே குளத்தை ஒன் பேருக்கு மாத்திருதேன். ஞாயித்துக்கெழம கணக்கெடுப்புக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்."

கலைச்செல்விக்கு அன்று பகல் தூக்கம் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகாராஜாவின் காரும் நாகர்கோவிலில் இருந்து மூன்று பேர் வந்த காரும் கரையில் நின்றன. பாளையங்கோட்டைப் பள்ளி ஆசிரியை யூனிஸ் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள்.

"இன்னைக்கு கோயில் இல்லையா டீச்சர்?" என்று கேட்டான் கலைச்செல்வியின் கணவன் செந்தூர்பாண்டி. இட்லிப் பொட்டலங்களோடு அவனும் வந்திருந்தான்.

"மொத ஆராதனைய முடிச்சிட்டுத்தான் வாரேன். எங்க சர்ச்சு ஐயர் பிரசங்கத்தைச் சுருக்குவாருன்னு பாத்தா, இன்னைக்குன்னு பாத்து நீட்டுதாரு. நான் எங்க ஜெபிச்சேன்? வாத்து பறந்துரக் கூடாதுன்னு மட்டுந்தான் ஜெபிச்சேன்."

வாத்து பறக்கவில்லை. அதே திட்டில், அலகை முதுகில் செருகி, ஒற்றைக் காலில் நின்றது. சூரியன் எதிரே இருந்ததால் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. முக்காலியில் நின்ற ஸ்கோப் தொலைநோக்கியில் மகாராஜா நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"தங்கத் தாராவேதான். சந்தேகமே வேண்டாம்."

நாகர்கோவில்காரர்கள் கைகுலுக்கினார்கள். ஒருவர் கலைச்செல்வியின் பெயரை எழுத்துப் பிசகாமல் கேட்டுக்கொண்டார். மகாராஜா அங்கேயே நின்று மாநிலக் குழுவுக்குச் செய்தி அனுப்பினார். "பதிவு செய்தவர்: கலைச்செல்வி" என்று எழுதிவிட்டு அவளிடம் போனை நீட்டிக் காட்டவும் செய்தார்.

"குளம் இனி ஒனக்குத்தான். சரியா?"

"சரி சார்."

பிறகு எல்லோரும் கருவேல மரத்தடிக்கு இட்லி தின்னப் போனார்கள். செந்தூர்பாண்டி மிளகாய்ப்பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைத்துக்கொண்டே சொன்னான்: "நானும் மூணு வருசமா இவகூட அலையுதேன் சார். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வகைதான். பறக்குத வாத்து, பறக்காத வாத்து."

கலைச்செல்வி போகவில்லை. "நீங்க தின்னுங்க, வாரேன்" என்று ஸ்கோப்பிடம் நின்றுவிட்டாள். தொழிற்சாலையில் ஒரு பாகத்தின் நான்கு பக்கத்தையும் திருப்பிப் பார்க்காமல் அவள் பெட்டியில் போடுவதில்லை. இந்தப் பறவையில் ஒரு பக்கம் இன்னும் பாக்கி இருந்தது.

வரித்தலை வாத்து ஒன்று திட்டில் ஏறி அதை இடித்தது. செம்மஞ்சள் வாத்து தலையை எடுத்தது, ஒரு காலை நீட்டியது, ஒரு பக்கச் சிறகைப் பைய விரித்தது.

வெள்ளை இல்லை. முன்பாதி அழுக்கு மண்ணின் நிறத்தில் இருந்தது. பொன்னிறம் முதுகில் இருந்து சிறகின் நடுவரை வந்து, கை வைத்து இழுத்தது போல நாலைந்து கோடுகளாகப் பிரிந்து நின்றது.

சிறகு மடங்கியது. மீண்டும் அலகைச் செருகிக்கொண்டு அது தங்கத் தாரா ஆயிற்று.

கலைச்செல்வி திரும்பிப் பார்த்தாள். மரத்தடியில் சிரிப்புச் சத்தம். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாகர்கோவில்காரர்கள் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார்கள். மகாராஜா இனி அடுத்த வருடம்தான் வருவார். அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும்.

செந்தூர்பாண்டி இட்லியோடு வந்தான். "என்னளா, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

சொன்னாள்.

அவன் மரத்தடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "ஒன் கண்ணுக்கு மட்டுந்தானே தெரிஞ்சது?"

"ஆமா."

"அப்பம் நீ இட்லியத் தின்னு. மூணு வருசமாக் கேட்டது இன்னைக்குத்தான் கெடச்சிருக்கு."

அவள் பொட்டலத்தை வாங்கி ஸ்கூட்டர் சீட்டில் வைத்தாள். மரத்தடிக்கு நடந்தாள். "சார், றெக்கையில வெள்ளை இல்ல" என்றாள்.

மகாராஜா மென்று விழுங்கினார். "சேறு பட்டிருக்கும்மா."

"சேறு மேல படும் சார். இது சாயம். வெரல் தடம் தெரியுது."

"நான் பாத்து உறுதி பண்ணி மெட்ராஸ் வரைக்கும் செய்தி போயாச்சு. இப்பம் போயி..."

"அதான் சார் இப்பமே சொல்லுதேன்."

யூனிஸ் எழுந்தாள். "கரையோட ஒரு நட நடந்து பாத்தா என்ன? நான் வரும்போது மடைக்குக் கீழ வாத்துச் சத்தம் கேட்டுச்சு."

மடையைத் தாண்டி வயல்கள். பிசானப் பருவத்து நெல் அறுவடை அங்கே முன்னதாக முடிந்திருந்தது. அறுத்த தாளுக்குள் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கிக்கொண்டு நூற்றுக்கணக்கில் வாத்துகள் மேய்ந்தன. எல்லாம் இளம் பழுப்பு நாட்டு வாத்துகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கைப்பிடி அளவுக்குச் செம்மஞ்சள் சாயம். வலைப் பட்டியின் ஓரம் கம்போடு நின்றவர் சங்கிலிபூதத்தான் என்று பெயர் சொன்னார். மந்தையை ஓட்டிக்கொண்டு அறுவடைக்குப் பின்னாலேயே ஊர் ஊராகப் போகிறவர்.

"அண்ணாச்சி, சாயம் எதுக்கு?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

"பக்கத்து வயல்ல இன்னொருத்தன் மந்தை கெடக்குல்லா? கலந்துட்டா எது எவனுதுன்னு அடிதடியாயிரும். அதுக்குத்தான் ஒரு பூச்சு."

"முழு ஒடம்புக்கும் பூசுவியளா?"

அவர் சிரித்தார். "அது ஒண்ணு இருந்துச்சும்மா. சாயச் சட்டிக்குள்ளயே விழுந்துட்டு. தலை மட்டும் முங்கல. தூக்கி, சாயத்தைக் கையால வழிச்சுவிட்டேன். அன்னைக்கு ஓடுனதுதான், காணல. நீங்க பாத்தியளா?"

செந்தூர்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. மகாராஜாவைப் பார்த்ததும் இருமிக்கொண்டான்.

சங்கிலிபூதத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக் குளத்தில் இறங்கினார். ஊசிவால்களும் வரித்தலைகளும் எழும்பிப் பறந்தன. செம்மஞ்சள் வாத்து பறக்கவில்லை. கத்திக்கொண்டு அவரை நோக்கி நீந்தி வந்தது. கக்கத்தில் இடுக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார். மகாராஜா ஒரு விரலால் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். சாயம் காய்ந்து இறுகியிருந்தது.

நாகர்கோவில்காரர்களில் ஒருவர் வாத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். "முந்நூறு பக்கம் புத்தகத்தைப் புரட்டுனாலும் இப்படி ஒரு வாத்து கெடைக்காதுவே" என்றார். மற்ற இருவரும் காரில் ஏறியிருந்தார்கள்.

மகாராஜா காருக்குப் போகும் வழியில் நின்று, போனை எடுத்து, அனுப்பிய செய்தியை நீக்கினார். அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை.

"சார், வளர்ப்பு வாத்துன்னு ஒரு வரி போட்டிருங்க. யாராவது தாராவப் பாக்கக் கெளம்பி வந்துரப் போறாவ."

"நீயே போட்டிரு" என்றார் அவர். கலைச்செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. குளத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

அவள் போட்டாள். தவறு தன்னுடையது, முதலில் பார்த்தது தான்தான் என்று எழுதினாள். உறுதி செய்தவரின் பெயரை எழுதவில்லை. பிறகு ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டு, யூனிஸோடு சேர்ந்து மீதிக் கணக்கை முடித்தாள்.

மார்ச் கடைசியில் அறிக்கை வந்தது. கல்லத்திக்குளத்துக்கு நேரே மகாராஜா, கலைச்செல்வி என்று இரண்டு பெயர்கள் இருந்தன. பறவைகளின் பட்டியலில் தங்கத் தாரா இல்லை.