கண்ணாடிக்குள் அடித்த வெயில்

என் வலது கையை டாக்டரம்மாவின் மேஜைமேல் ஓங்கி வைத்தேன்.

"நல்லா பாருங்க. பதினோரு வருஷமா ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ் ஓட்டி, அடுப்புக்கரியா ஆகிடுச்சு. எனக்குப் போய் வெயில் பத்தலைங்கறீங்களே!"

என் சர்க்கரை நோயைப் பார்க்கிற கம்பெனி டாக்டர் அவர். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அசரவில்லை.

"ஏசி பஸ்தானேம்மா? கண்ணாடியைத் திறக்கவே மாட்டீங்க. கறுக்க வைக்கிற வெயில் கண்ணாடி வழியா வந்துடும். வைட்டமின் டி உண்டாக்குறது வராது. உங்களுக்கு அது ரொம்பக் கீழே கிடக்கு."

மேஜைமேலிருந்த கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் டிப்போவில் கறுத்த கையைக் காட்டிப் பீற்றிக்கொள்ளாத டிரைவரே கிடையாது.

"அதை ஏத்தினா சர்க்கரை இறங்கிடுமா?"

"சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். அடிச்சுச் சொல்ல மாட்டேன். எலும்புக்காகவாவது ஏத்தணும். அதுக்காக சர்க்கரை மாத்திரையை நிறுத்திடாதீங்க."

என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதரை. அடுத்த பரிசோதனையில் எட்டுக்குக் கீழே வந்தால்தான் தொடர்ந்து ஸ்டியரிங்; இல்லாவிட்டால் டிப்போ அலுவலகத்தில் ஃபோன் எடுக்கிற வேலை. பஸ் ஓட்டாத என்னை எனக்கே பிடிக்காது. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாரம் ஒரு வைட்டமின் மாத்திரை, சர்க்கரை மாத்திரை தவறாமல். கடைசி நிறுத்தத்தில் மதிய இடைவேளையில் ஏசியில் குறட்டை விடுவதை விட்டேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெட்டவெளியில் இருபது நிமிடம் நடந்தேன். எங்கள் கண்டக்டருக்கு 'விசில்' என்று பெயர். அதை வாயிலிருந்து எடுத்தால் கிண்டல்தான் வரும்.

"அக்கா, துவைச்ச துணி மாதிரி காயறீங்களே, கிளிப் மாட்டட்டுமா?"

"முதல்ல உன் வாய்க்கு மாட்டு."

மூன்று மாதம் கழித்து வைட்டமின் நன்றாகவே ஏறியிருந்தது. சர்க்கரை எட்டு புள்ளி இரண்டு.

வெளியே காத்திருந்த விசில் குதித்தான். "புள்ளி ரெண்டுதானேக்கா கூட! கெஞ்சிக் கேட்டா கையெழுத்து போட மாட்டாங்களா?"

எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் ஒருநாள் சிக்னல் விளக்கு கலங்கலாகத் தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். பிறகு திரும்ப உள்ளே போய் அந்தச் சிக்னலைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"கண்ணையும் பார்த்துடுங்க. அப்படியே அடுத்த பரிசோதனைக்குத் தேதி குடுங்க," என்றேன்.

மறுநாள் எனக்குப் பதிலாக வந்த டிரைவர் என் சீட்டில் உட்கார்ந்து, முழங்கால் இடித்தும் உயரத்தை மாற்றத் தயங்கினார்.

"மாத்திக்கங்க தம்பி. மூணு மாசத்துல வந்து என் உயரத்துக்கு நான் வெச்சுக்கறேன்."