மூச்சு வாங்கும் இடம்

மூக்கன் அழகிரிக்குத் தர வேண்டியிருந்தது இருபத்து மூன்று ரூபாய் பன்னிரண்டு நயா பைசா. அந்தப் பன்னிரண்டு நயா பைசாவையும் விடாமல் எழுதி வைத்தது அழகிரியின் கருமித்தனம் இல்லை, தொழில் பழக்கம். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் பதினெட்டு வருஷம் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்தவனுக்குச் சில்லறையை விட்டுவிட்டு எழுதக் கை வராது. மூக்கன் மகள் ராசாத்தி செத்த அன்று பெரியாஸ்பத்திரி வாசலுக்குச் சைக்கிளை மிதித்து வந்து, ஜட்கா வண்டிக்கும் கோடித் துணிக்கும் குழி வெட்டியவனுக்கும் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் அவன். மூக்கன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அன்று அவன் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடியும் அழகிரி ஒரு நாள் வாய் திறந்து கேட்டதில்லை.

அதனால்தான் அறுபத்திரண்டாம் வருஷம் மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை, அழகிரி நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தின் மேல் குறுக்காகக் கோடு இழுத்தபோது மூக்கனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூக்கா, ஒன் கணக்க அடிச்சிட்டேன்."

"ஏண்ணே?"

"அடிச்சிட்டேன்னா அடிச்சிட்டேன். போ, லாரி நிக்குது."

சொன்னவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கன் அன்றைக்கு அறுபது மூட்டை இறக்கினான். முதுகில் கனமே தெரியவில்லை. சாயங்காலம் காவிரிப் பாலத்தைத் தாண்டி மேலூர்க் குடிசைக்குப் போய்ச் சேர்ந்ததும், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த மனைவி மயிலம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"சும்மா அடிக்கிற ஆளா அவரு? பன்னண்டு நயா பைசாவ எழுதின மனுசன்."

"நல்ல மனசுடி. எல்லாரையும் ஒரே தராசுல நிறுக்காத."

"நிறுக்கல. கேட்டேன்."

மண்டிக்கு எதிரே ரசூல் பாய் டீக்கடை. கடையில் ஒரு ரேடியோ உண்டு. அதற்குத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். மூட்டை தூக்குகிறவர்களில் யாருக்கும் பாட்டின் முதல் அடி முழுசாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்களே ஒரு பேர் வைத்திருந்தார்கள். போன வருஷம் வந்ததில் மூன்று பாட்டுக்குத்தான் பேச்சு: விசில் பாட்டு, ரயில் பாட்டு, ஊஞ்சல் பாட்டு. பொங்கல் முடிந்ததிலிருந்து அந்த மூன்றில் எது ஒசத்தி என்பதில் கடை இரண்டுபட்டுக் கிடந்தது. செல்லக்கண்ணு விசில் பாட்டுக்காரன். அதைக் கேட்டால் கல்யாணம் ஆகாதவன் மாதிரி இருக்கிறது என்பான். அவனுக்கு ஐந்து பிள்ளைகள். ரசூல் பாய்க்கு ரயில் பாட்டு. அது முடியும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், இரண்டாவது டீ போகும்.

மூக்கன் அளக்கும் படி வேறு. லாரியிலிருந்து கிடங்குக்குள் ஒரு பலகை போட்டிருக்கும். அதைக் கடக்கப் பன்னிரண்டு எட்டு வைக்க வேண்டும். மூட்டையோடு அதில் போகிறவன் எந்த எட்டில் மூச்சை இழுக்க வேண்டும், எதில் அடக்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் கீழே விழுவான். பாட்டையும் அவன் அப்படித்தான் கேட்டான், பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று. விசில் பாட்டில் மூச்சுக்கு இடமே கிடையாது; மூட்டைக்காரன் பாடினால் நெஞ்சடைத்துப் போவான். ரயில் பாட்டில் எங்கே பார்த்தாலும் இடம். அது மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பவன் பாட்டு. ஊஞ்சல் பாட்டில் மட்டும், இரண்டாவது அடி முடிந்ததும் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் பாடுகிற அந்தம்மா வாங்காமல் தாண்டிப் போகிறார். பிறகு, இனி முடியாது என்கிற இடத்தில், யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் ஒரு சின்ன இழுப்பு. இசைத்தட்டில் கோளாறு என்றான் செல்லக்கண்ணு.

சென்னையிலிருந்து வரும் ஒரு சினிமா மாதப் பத்திரிகை ஜனவரியிலேயே போட்டி வைத்திருந்தது. போன ஆண்டுப் பாடல்களில் உங்கள் மனம் கவர்ந்தது எது, ஏன்? சிறந்த கடிதத்துக்கு ஐம்பது ரூபாய். மூக்கன் எழுத்துக் கற்றது முப்பத்தாறு வயதில், சங்கத்துக்காரர்கள் நடத்திய இராப்பள்ளியில். சாக்கு தைக்கிற ஊசியைப் பிடிப்பதுபோல் பென்சிலைப் பிடிப்பான். எட்டு நாள் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினான். முதல் இரண்டு பக்கத்தில் பலகையும் மூட்டையும் மூச்சும். அடுத்த இரண்டு பக்கத்தில் அதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதினான்; மயிலம்மாளிடம்கூடச் சொல்லாததை. எழுதி முடித்து அழகிரியிடம் கொடுத்தான். அந்த மார்க்கெட்டில் அவன் அழுக்கு வேட்டியைப் பார்க்காமல் பேசுகிறவன் அழகிரி ஒருவன்தான்.

"பிழை இருக்கும்ணே. பாத்துத் திருத்தி, நல்ல தாள்ல எழுதி அனுப்பிடுங்க. பசங்களுக்குத் தெரிய வேணாம், கிண்டல் பண்ணுவானுங்க."

அழகிரி அங்கேயே படித்தான். இரண்டாவது முறையும் படித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"நான் பாத்துக்கறேன் மூக்கா."

கடிதத்தின் அடியில் மூக்கன் பேர் எழுதவில்லை. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. மண்டியில் மூட்டை சுமக்கிறவன் மூட்டையில் குறி போடுவதில்லை. எவன் சரக்கு, எந்த ஊர் என்று மைத்தொட்டியில் தட்டைக்குச்சியைத் தோய்த்துக் குறி போடுவது கணக்குப்பிள்ளையின் வேலை. சுமந்து கொண்டுபோய் முன்னால் இறக்கிவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

கணக்கை அடித்த நாலாம் நாள் பத்திரிகை வந்தது. டீக்கடையில் எதையும் சத்தம் போட்டுப் படிப்பது மூக்கன்தான். புதிதாகப் படிக்க வந்தவன் என்பதால் அவனுக்கு அதில் ஒரு பெருமை, மற்றவர்களுக்கு ஒரு வேடிக்கை.

"மூக்கண்ணே, போட்டி முடிவு போட்டிருக்கான் பாருங்க," என்றார் ரசூல் பாய். "நம்ம தென்னூர் அழகிரிக்கு அம்பது ரூவாயாம்ல."

மூக்கனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அவரும் ஒன்று எழுதிப் போட்டிருக்கிறார், அதான் சந்தோஷத்தில் கணக்கை அடித்திருக்கிறார் என்று நினைத்தான். விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினான். முதல் பத்தியில் ராகம், பாவம், சங்கீத நுணுக்கம் என்று பெரிய வார்த்தைகள். தடுக்கித் தடுக்கிப் போனான். செல்லக்கண்ணு, "லாரி சேத்துல மாட்டிக்கிச்சுடா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பத்தியில் தடுக்கவில்லை. விரல் போவதற்கு முன்பே வாய் போயிற்று.

"என் மகளுக்குக் காய்ச்சல். பஸ் இல்லை. தோளில் போட்டுக்கொண்டு காவிரிப் பாலத்தின் மேல் நடந்தேன். நடுப்பாலத்தில் அவள் மூச்சு ஒருமுறை வராமல் நின்றது. நானும் நின்றேன். பிறகு சின்னதாக ஒன்று வந்தது, திருடி எடுத்ததுபோல. அதற்கப்புறம் வரவில்லை. நான் நிற்காமல் நடந்தேன். நின்றால் அது உண்மையாகிவிடும்."

படிப்பதை நிறுத்திவிட்டான். வேறு தாளைப் படிப்பதாக ஒரு கணம் நினைத்தான். கீழே பார்த்தான். வி. அழகிரி, தென்னூர், திருச்சி.

ரசூல் பாய் அடுப்பைக் குறைத்தார். "யா அல்லா. அந்த மனுசன் நெஞ்சுக்குள்ள இவ்வளவா? ஒரு நாள் சொன்னதில்லையே. அவருக்கு மூத்தது ஒண்ணு இருந்திருக்கு போல." செல்லக்கண்ணு தோள் துண்டை எடுத்து மூக்கைத் துடைத்தான். எதிரே மண்டிக்குள் உட்கார்ந்திருந்த அழகிரிக்கு ரசூல் பாய் தன் கையாலேயே டீ கொண்டுபோய் வைத்து, தோளைத் தொட்டுவிட்டு வந்தார். காசு வாங்கவில்லை. மூக்கன் கடைப் பெஞ்சிலிருந்தே அதைப் பார்த்தான். ராசாத்தி செத்தபோது இதே கடையில், 'காய்ச்சலாம், போயிடுச்சாம்' என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு மூட்டை இறக்கப் போனார்கள். துக்கம் இப்போதுதான் வந்திருந்தது. வேறு வீட்டு வாசலுக்குப் போயிருந்தது.

கூட்டம் கலைந்தபின் மண்டிக்குள் போனான். அழகிரிக்குத் தெரிந்துவிட்டது. பேனாவை மூடினான்.

"நீ பேரு போடல மூக்கா. நாலு பக்கமும் பொரட்டிப் பாத்தேன்."

"குறி போடுறது நீங்கதானேண்ணே."

அழகிரி மேஜையைப் பார்த்தபடி சொன்னான். "மூட்டத் தூக்குறவன்னு போயிருந்தா குப்பையில போட்டிருப்பான். ஒம் பேருதான் முதல்ல எழுதினேன். சத்தியமா. அப்புறம் என்னமோ... அவ்வளவு நல்லா இருந்துச்சுப்பா. எழுத எழுத நான் எழுதுற மாதிரியே இருந்துச்சு." பெட்டியைத் திறந்தான். "அம்பது ரூவா போன வாரமே மணியார்டர்ல வந்துச்சு. ஒங் கணக்கு இருபத்து மூணு பன்னண்டு போக இருபத்தாறு எண்பத்தெட்டு. எம் மக அமிர்தத்துக்கு ஸ்கூல் பீஸ் கட்டிட்டேன். ஒண்ணாந்தேதி தந்துடறேன்."

"அமிர்தம் நல்லா இருக்கால்ல?"

"இருக்கா."

"நல்லா இருக்கட்டும். பாலத்துல என் தோள்ல கெடந்தது அது இல்ல."

பக்கத்துக் கிடங்கில் யாரோ தராசுத் தட்டில் எடைக்கல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அடிச்சதத் திருப்பி எழுதுங்க," என்றான் மூக்கன்.

"என்னது?"

"என் கணக்கு. இருபத்து மூணு ரூவா பன்னண்டு நயா பைசா. பழையபடி எழுதுங்க. அந்த அம்பது ரூவாய்ல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"கிறுக்கா ஒனக்கு?"

"எழுதுங்கண்ணே. எழுதினாத்தான் போவேன்."

அழகிரி எழுதினான். ஏழு போல் விழுந்த ஒன்றை அடித்து மறுபடி எழுதினான்.

வீட்டுக்குப் போகும்போது பத்திரிகையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டான். விளக்கு வைக்கும் நேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்ஸ் ஷெட்டுக்கு சிமெண்ட் இறக்கப் போகப் போகிறேன் என்றான். மயிலம்மாள் ஏன் என்று கேட்டாள். பத்திரிகையை விரித்து அந்தப் பத்தியைப் படித்தான். வாயால் சொல்ல முடியாததை அச்சிலிருந்து படிக்க முடிந்தது. அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ராசாத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது போனாள் என்றுதான் இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியும்.

"யாரு எழுதினதுன்னு போட்டிருக்கு?"

"அழகிரின்னு."

விறகை உள்ளே தள்ளிவிட்டு, "நடுப்பாலத்துலயா?" என்று கேட்டாள்.

"ம்."

அவள் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். சோறு குழைந்தது.

நாலு ஞாயிறு. சிமெண்ட் மூட்டை வெங்காயம் மாதிரி முதுகுக்கு இசையாது. கல் மாதிரி கிடக்கும், தூள் கண்ணிலும் இமையிலும் ஒட்டும். நாலாவது ஞாயிறு முடிந்த மறுநாள் முடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தான். ரூபாய் நோட்டும் சில்லறையும். பன்னிரண்டு நயா பைசாவைத் தனியாக, கடைசியில் வைத்தான். அழகிரி எண்ணவில்லை. கணக்கு நோட்டைத் திருப்பி, பேனாவை நீட்டினான்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போ மூக்கா."

அந்தப் பக்கத்தில் 'கைமாற்று' என்று எழுதியிருந்தது. எதற்கு என்று எழுதவில்லை. மூக்கன் உட்காரவில்லை. குனிந்து, மேஜையில் இடது கையை ஊன்றி, சாக்கு ஊசி பிடிப்பதுபோல் பேனாவைப் பிடித்து எழுதினான். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். மூக்கன் அவசரப்படவில்லை. 'என் மகள் ராசாத்தி அடக்கச் செலவு. தீர்ந்தது.' அதற்குக் கீழே, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, தன் பேர், அப்பன் பேர், மேலூர், ஸ்ரீரங்கம். மை காயும்வரை நின்றான். அழகிரி அந்தப் பக்கத்தை மூடவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

சும்மாட்டுத் துணியை முதுகில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போனான். முதுகில் மூட்டை வந்து விழுந்தது. பலகையில் ஏழாவது எட்டு வைக்கும்போது எதிரே ரசூல் பாய் கடை ரேடியோவில் ஊஞ்சல் பாட்டு இரண்டாவது அடியை முடித்தது. மூக்கன் நின்றான். பின்னால் மூட்டையோடு வந்த செல்லக்கண்ணுவும் நின்றான், அவனுக்குப் பின்னால் வந்தவனும். பலகை நடுவில் வளைந்து, லேசாக ஆடியது. அந்தம்மா அந்த இடத்தைத் தாண்டிப் போனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மூக்கன் சாக்கின் இரண்டு காதையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சின்ன இழுப்பு வரட்டும் என்று மூச்சை அடக்கி நின்றுகொண்டிருந்தான்.