சுவர்ப் பக்கம்

அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டுக் கயிறு எல்ஸ்பெத்தின் கையில். "நம்ம பக்கம் பொம்பளைங்க கயிறு பிடிக்கிறதில்லையே" என்று சித்தப்பா மகன் நார்மன் காலையில் சொல்லிப் பார்த்தான். "பெத்த பொண்ணு இருக்கறப்ப வேற யாரு, நீயா?" என்றதும் வாயை மூடிக்கொண்டான். இப்போது கயிற்றை மெல்ல விட்டுக்கொண்டிருந்தாள். மனசு தன்பாட்டுக்குப் பாடம் ஒப்பித்தது: சவப்பெட்டிக்கு ஸ்காட்ஸில் கிஸ்ட், டச்சிலும் கிஸ்ட். சனியன், இன்றைக்குமா?

அறுபத்திரண்டு வயதில் நூலகத்தில் நடந்த மொழி வகுப்பில் சேர்ந்து படித்தது அது. அப்பா ஈபன், சின்ன வயதில் பள்ளியில் ஸ்காட்லாந்து ஊர்ப்பேச்சான ஸ்காட்ஸ் பேசியதற்காக வாத்தியாரிடம் தோல்வாரால் அடி வாங்கியவர். படகிலும் துறைமுகத்திலும் அந்த ஊர்ப்பேச்சுதான். வீட்டுக்குள் வந்தால் ஆங்கிலம். மகள் வாயில் ஒரு ஊர்வார்த்தை வந்துவிட்டால் சாப்பாட்டுத் தட்டையே பிடுங்கிவிடுவார். அவள் எடின்பரோவில் வாத்தியாரம்மா ஆனதும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். போன வருஷம் பக்கவாதம் வந்தது. ஆங்கிலம் போய்விட்டது, ஊர்ப்பேச்சு மட்டும் தங்கியது.

முதியோர் இல்லத்தில் அவரைப் பார்த்துக்கொண்ட தூரிட் நார்வேக்காரி. அவளுக்குப் பாதி தானாகவே புரிந்தது. பிள்ளைக்கு இவர் 'பெர்ன்' என்றால் அவள் ஊரில் 'பார்ன்'. இருவரும் பேசிச் சிரிப்பதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கும்போது எல்ஸ்பெத்துக்கு வயிறு எரிந்தது. அதற்காகத்தான் ஸ்காட்ஸ், டச்சு, நார்வேஜியன் என்று நோட்டில் மூன்று பத்தி போட்டு நெட்டுருப் போட்டாள். முதல் நாள் தயங்கித் தயங்கி, "நான் உங்க பெர்ன்தானேப்பா" என்றாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப்பின் அவர் இருந்த ஆறு வாரமும் அப்படியே. நக்கல் செய்கிறாள் என்று நினைத்தே போய்ச்சேர்ந்தாரோ?

அடக்கம் முடிந்து ஓட்டலில் எல்லாருக்கும் சூப்பு வந்தது. தூரிட் எதிரே வந்து உட்கார்ந்தாள். சுற்றி வளைக்க எல்ஸ்பெத்துக்குத் தெம்பில்லை.

"தூரிட், அப்பாவுக்கு என் மேல கோபமா?"

"கோபமா? யாரு சொன்னா? வெக்கம். நீங்க வர்ற அன்னிக்கெல்லாம் காலையிலேர்ந்து என் உயிரை வாங்குவாரு, இங்கிலீஷ் சொல்லிக்குடுன்னு. மக முன்னாடி மறுபடி நல்லாப் பேசணுமாம். உங்களைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிடும். மூஞ்சியக் காட்ட முடியாம திரும்பிக்குவாரு."

எல்ஸ்பெத் கரண்டியைக் கையில் எடுத்தாள். சூப்பில் ஆடை படிந்துவிட்டது.

"கடைசியா என்ன கத்துக்கிட்டாரு?"

"ஒரே ஒரு கேள்வி. நீங்க அவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வர்றீங்கல்ல? 'வழியில ட்ராஃபிக் ஜாஸ்தியா, எல்ஸ்பெத்?' கடைசி நாள் காலையில ஒரு தப்பில்லாம சொல்லிட்டாரு."

அன்று அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எல்ஸ்பெத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லப்பா," என்றாள். "ரோடு காலியாத்தான் இருந்துச்சு."