இரட்டை வளையம்

என் வீட்டுக்காரருக்குத் தளர்வு என்றாலே ஆகாது. தறியில் பாவு நூல் தளரக்கூடாது, கட்டில் கயிறு தளரக்கூடாது, நான் கொண்டையை லேசாகப் போட்டால்கூட ஒரு பார்வை பார்ப்பார். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற எல்லோருக்கும் இந்தக் குணம் உண்டுதான், இவருக்குக் கொஞ்சம் தூக்கல். பெயர் நமச்சிவாயம். வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் குற்றமில்லை.

எங்கள் ஒரே மகள் தில்லைக்கு எத்துப்பல். சிரிப்பு வந்தால் தாவணி முனை வாய்க்குப் போய்விடும். கூட்டாளிப் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கும்போது அவள் மட்டும் குனிந்துகொள்வாள். எனக்கு அது பழகிவிட்டது, அவருக்குப் பழகவே இல்லை. எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், யாரோ சொன்னார்கள் என்று மெட்ராஸில் கலியாணசுந்தரம் என்கிற பல் டாக்டரிடம் அவளை அழைத்துப்போய்க் கம்பி கட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

டாக்டர் பொறுமைசாலி. கடைவாய்ப் பற்களுக்குப் பட்டை மாட்டி, அதற்கும் முன்பல் கம்பிக்கும் நடுவே சின்ன ரப்பர் வளையம் கோத்தார். பின்பல் ஊன்றி நின்றுதான் முன்பல்லை உள்ளே இழுக்கும், பக்கத்துக்கு ஒரு வளையம் போதும், தினமும் புதிதாக மாற்றுங்கள் என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தார்.

மாற்றுகிற வேலையை இவரே எடுத்துக்கொண்டார். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிவிட்டு வந்து, கையைக் கழுவி, மகளை வெளிச்சத்தில் உட்காரவைப்பார். அறுந்த இழையைப் பார்க்காமலே முடிகிற விரல்களுக்கு அது ஒரு வேலையா? மாட்டி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், தில்லை பிறந்த அன்று பார்த்தது. அதற்கப்புறம் இப்போதுதான் பார்க்கிறேன். முன்பல் கொஞ்சம் உள்ளே போனாற்போலவும் இருந்தது. நானும் பூரித்துத்தான் போனேன்.

ஆடி மாதம் ஒருநாள், தறியிலிருந்து இறக்கிய சேலையில் நானும் அவளும் பிசிறு நீக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் வீடுகளில் இதற்குக் கத்தரிக்கோல் தேடுகிற வழக்கமில்லை, ஆளுக்கொரு வாய் இருக்கிறது. முன்பல்லால் கடிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தில்லை கடைவாயால்தான் கடிப்பாள். அன்று கடித்தாள், இழை அறவில்லை. மறுபக்கம் கடித்தாள், அங்கேயும் வழுக்கிக்கொண்டு வந்தது. என்னைப் பார்க்காமல் எழுந்துபோய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

நான் விடுவேனா? பல்லைக் கடி என்று சொல்லி, கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லில் உட்காரவே இல்லை. நடுவே என் நகம் நுழைந்தது. கொஞ்ச நாளாகவே சோற்றை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் பாவி மகள். வளையத்தையும் அப்போதுதான் கவனித்தேன். பக்கத்துக்கு இரண்டு.

"தொய்வா இருந்துச்சு. அதான் இன்னொண்ணு சேத்துப் போட்டேன்" என்றார் அவர்.

அவரை எப்படித் திட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மறுநாளே மெட்ராஸ் போனோம். அவள் வாயைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறினார். முன்பல்லை இழுக்க வேண்டிய பின்பல் பாரம் தாங்காமல் தானே முன்னால் வந்துவிட்டது, மேலும் கீழும் பொருந்தாமல் முனையோடு முனை முட்டி நிற்கிறது என்றார். கழுத்துக்குப் பின்னால் வார் கட்டி, அதை வாய்க்கம்பியில் கொக்கியால் மாட்டி, பின்பல்லைத் திரும்பத் தள்ளிப் பார்க்கலாம். வராவிட்டால் கம்பியைக் கழற்றிவிட வேண்டியதுதான், ஆயுசுக்கும் சரியாக மெல்ல முடியாது. பிறகு, யார் இரண்டு வளையம் போட்டது என்று கேட்டார்.

"நான்தான் சார் போட்டுக்கினேன்" என்றாள் தில்லை.

"இல்ல சார், நான்" என்றார் இவர். யார் முன்னாலும் நிமிர்ந்தே நிற்கிற மனிதர் அங்கே தலை குனிந்து நின்றார். அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

திரும்புகிற பஸ்ஸில் அவர் மகளிடம் மெதுவாகக் கேட்டார். "ரொம்ப வலிச்சிருக்குமே. ஏம்மா சொல்லல?"

தில்லை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாட்டிட்டு நீ சிரிக்கிற நைனா. அதப் பாத்துக்கினு எப்படி சொல்றது?"

வாலாஜாபாத் தாண்டியதும் அவர் மகள் பக்கம் திரும்பினார். "பல்லு எப்படியோ போவட்டும். வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. எம் மொகத்தப் பாக்காத" என்றார்.

டாக்டர் கொடுத்த வார் முரட்டுத் துணி, கழுத்தை அராவியது. மிச்சமிருந்த பட்டில் மெத்தென்று ஒரு பட்டை நெய்து அதன் அடியில் தைத்தார் இவர். விளக்கு வைத்ததும் கட்டிவிடுவார். டாக்டர் காட்டிய துளையைத் தாண்டி ஒரு நாளும் இழுக்கவில்லை. வலி பொறுக்காவிட்டால் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கட்டும்போதெல்லாம் வலிக்கிறதா என்று கேட்பார். இல்லை நைனா என்பாள். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். அவர் நம்பமாட்டார், நானும் நம்பவில்லை. ஆனால் பெண்ணை அடித்தா உண்மை வாங்க முடியும்?

ஐப்பசி மழையில் மறுபடி மெட்ராஸ் போனோம். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டு நிதானமாகப் பார்த்தார். பின்பல் நகர ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் மேலும் கீழும் பொருந்திவிடும் என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்காத கண்டக்டரிடம்கூட மகளின் கடைவாய்ப்பல் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று விளக்கு வைத்ததும் வாரைக் கட்ட உட்கார்ந்தார். அந்தப் பழைய சிரிப்பு முகம் கொள்ளாமல் இருந்தது. கொக்கியை மாட்டினார். தில்லை அந்தச் சிரிப்பை நேராகப் பார்த்தாள்.

"வலிக்குது நைனா" என்றாள்.

அடுப்பங்கரையில் என் கை அப்படியே நின்றது. பெற்ற பிள்ளை வலிக்கிறது என்று சொல்லி, என் மனம் குளிர்ந்தது அன்று ஒருநாள்தான். அவர் சிரிப்புப் போகவில்லை. "அப்பிடி சொல்லு கண்ணு" என்று கொக்கியைக் கழற்றிவிட்டு, அவள் கழுத்தை மெதுவாக நீவிவிட்டார்.