ஒன்றுவிட்டு ஒரு கட்டை

சுடலையாண்டியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பேச்சித்தாய் துணிக்கிழியை மூன்றாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பாபநாசம் பந்தலுக்குள் வந்தார். பின்னால் ஓவர்சியர் பாக்கியசீலன், கையில் மடித்த காகிதம். மாலை இல்லை, கோடித்துணி இல்லை, காகிதம். செத்தவன் வீட்டுக்குக் காகிதம் கொண்டுவருகிற ஆட்களை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"எம்மா பேச்சி, ஐயா வந்திருக்காக. ஒரு கைநாட்டு வைக்கணும்" என்றார் பாபநாசம்.

அவள் தம்பியின் காலில் முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி."

பாக்கியசீலன் பாளையங்கோட்டைக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்; வாசிப்பு சுத்தமாக இருந்தது. கல்வண்டிப் பாதையில் கவ்வி மாட்டும் வேலைக்காரன் சுடலையாண்டி, வயது இருபத்துநாலு, நேற்றுச் சாயங்காலம் ஆற்று வளைவில் கவ்விகளைச் சரிவர மாட்டாமல் அஜாக்கிரதையாக இருந்தபடியால் தண்டவாளம் விலகி, வண்டி கவிழ்ந்து, கல் சரிந்து, தன் குற்றத்தாலேயே இறந்துபோனான். உடன்பிறந்தவளாகிய நான் இதை ஒப்புக்கொள்கிறேன்.

தன் குற்றத்தாலேயே.

சேரமாதேவிக்கு மேற்கே பெரிய ரயில் வரப்போகிறது. அதற்குக் கல் கொண்டுபோக, கல் உடைக்கிற பொத்தைக் குன்றிலிருந்து ஆற்றோரமாகக் கண்டிராக்டர், ஆள் தள்ளுகிற ஒரு சின்ன ரயில் போட்டிருந்தார். நிலையான பாதை அல்ல. இன்றைக்கு இங்கே, அடுத்த வாரம் அங்கே. இரும்புக் கட்டைகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் தண்டவாளத்தை வைத்து, கட்டையின் இரண்டு முனையிலும் கவ்வி மாட்டி இறுக்கினால் பாதை. கவ்வியைக் கழற்றிவிட்டால் எல்லாம் வெறும் இரும்பு, தலையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். கவ்வி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஆனால் தண்டவாளத்தை விலகாமல் பிடித்திருப்பது அதுதான். கட்டைக்குக் கட்டை மாட்டியாகவேண்டும். பதினைந்து நாளாக அப்படி மாட்டவில்லை. ஒன்றுவிட்டு ஒரு கட்டைக்குத்தான் கவ்வி கொடுத்தார்கள்.

சுடலையாண்டி அதைச் சொல்லிப் புலம்பாத நாளில்லை. "கம்பெனி கொட்டாயில பெட்டி பெட்டியா பூட்டி வச்சிருக்கான் அக்கா. கேட்டா, குடுத்தா காணாமப் போயிருதுங்கான். வளைவுல என்னைக்காவது ஒருத்தன் சாவான், பாரு" என்று கஞ்சிக் கும்பாவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வான். இவளும், "ஒனக்கு எதுக்குலே அந்த வம்பு, சொன்னதைச் செஞ்சிட்டு வா" என்பாள். எத்தனை தடவை சொன்னாள். சொன்ன வாயைக் கல்லால் இடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவன் மாட்டாம விடல. நீங்க குடுக்காம விட்டிய" என்றாள்.

பாபநாசம் முந்திக்கொண்டார். "வந்த கவ்வியே அவ்வளவுதான் தாயி. மிச்சமெல்லாம் களவு போச்சு."

"யாரு களவாண்டா?"

"ஊர்ல பாதி வீட்ல நம்ம கவ்விதான் கெடக்கு. கண்டிராக்டரு என்ன செய்வாரு, பாவம்." ஓவர்சியரை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒந் தம்பியும் எடுத்திருக்கான். வளைவுக்குன்னு குடுத்ததை வித்துத் தின்னுருப்பான். செத்தவனைப் பத்தி நான் பேசப்பிடாது."

பேசக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பேசுகிற வாய் அது. பேச்சித்தாய் தன் புருஷனைத் தேடினாள். ஆவுடையப்பனும் அதே பாதையில் கல் ஏற்றுகிறவன்தான், அவனுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவன் வேலியோரம் உட்கார்ந்து பாடைக்கு மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

உள்ளறையில் மகள் இசக்கி படுத்திருந்தாள். பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். தலைமாட்டுப் பாய்க்கு அடியில், வேப்பங்கொத்தோடு கவ்வி ஒன்று கிடந்தது. பச்சை உடம்புக்காரி பக்கத்தில் இரும்பு இருக்கவேண்டும், இல்லையென்றால் காத்து கருப்பு அண்டிவிடும். வைத்த இரும்பு நாற்பது நாள் அறையைவிட்டு வெளியே போகக்கூடாது. வீட்டில் இருந்ததோ ஒரே அரிவாள், அதுவும் தினம் ஆவுடையப்பனோடு வெளியே போவது. "கம்பெனி இரும்பு அத்தனை கெடக்கே, ஒண்ணு எடுத்துட்டு வாயேம்லே" என்று தம்பியை நச்சரித்தவள் இவள்தான். முடியாது, முடியாது என்று நாலு நாள் சொன்னான். ஐந்தாம் நாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அது போன மாதம், கவ்வியைப் பாதியாக்குவதற்கு முன்னால். இந்தத் தெருவில் பேறுகாலம் பார்த்த வீடெல்லாம் அப்படி ஒன்று வாங்கி வைத்திருந்தது.

அவள் பாய்க்கடியில் கையை விட்டாள். இசக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கா எடுக்க?"

நசுங்கிச் செத்தவன் லேசில் போகமாட்டான், பதினாறு நாள் வீட்டைச் சுற்றுவான் என்பார்கள். அந்த வீட்டில் பச்சைப் பிள்ளை. ஊரில் எந்தத் தாயும் இன்றைக்கு இந்த இரும்பைத் தொடமாட்டாள்.

"ஒம் மாமனைக் களவாணிங்கான். வித்துத் தின்னாங்கான்."

"பிள்ளைக்கு ஏதும் ஆச்சுன்னா? அப்பாட்ட அந்த அரிவாளையாவது வாங்கிக் குடு."

"அது பாடை வெட்டுது. அதை எப்படி இங்கன வைக்க?" பேச்சித்தாயின் குரல் இறங்கியது. "மாமன் ஒண்ணும் செய்யமாட்டான். விடு தாயி."

அதை அவள் நம்பினாளா என்பது அவளுக்கே தெரியாது. இசக்கி பிடியை விட்டுவிட்டுப் பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

பேச்சித்தாய் வெளியே வந்து கவ்வியை ஓவர்சியர் காலடியில் போட்டாள்.

"இந்தா இருக்கு. நான் கேட்டு அவன் எடுத்தது. போன மாசம், எம் மக பேறுகாலத்துக்கு. ஒண்ணே ஒண்ணு. களவுன்னு எழுதணும்னா எம் பேர்ல எழுதுங்க, இப்பவே கைநாட்டு வைக்கேன். ஆனா வளைவுல மாட்டாம விட்டது எந் தம்பி இல்ல. கவ்வியைக் கொட்டாயில போட்டுப் பூட்டிக்கிட்டு, பழியை அவன் தலையில கட்டுதியளே, ஒங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

பந்தலில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் நாலு பேர் வீட்டில் இதே கவ்வி கிடப்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒருத்தி மடியிலிருந்த பிள்ளைக்குப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். ஆமாம், எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதற்காக ஆளைக் கொல்வீர்களா என்று ஒருத்தி எழுந்து கேட்டிருக்கலாம். ஒருத்தியும் கேட்கவில்லை. விடிய விடிய மாரிலடித்து அழுத பொம்பளைகள்தான் அத்தனை பேரும்.

பாக்கியசீலன் கவ்வியைப் பார்த்தார். அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம் தெரிந்தது. அந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு இவள் என்ன செய்ய?

"இந்தாம்மா, மேலே இருக்கிறவங்க சொன்னதை எழுதிக்கிட்டு வந்திருக்கேன். கைநாட்டு இல்லைன்னா போலீசுக்கு எழுதணும். அவங்க வந்தா உடம்பை அறுத்துப் பார்க்கக் கொண்டுபோவாங்க. எப்பத் திரும்பத் தருவாங்கன்னு நான் சொல்ல முடியாது."

"அறுக்கட்டும்" என்றாள் பேச்சித்தாய். "போலீசு வரட்டும். வந்து கொட்டாயத் தொறந்து பாக்கட்டும்."

ஓவர்சியரும் மேஸ்திரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலியோரம் அரிவாள் சத்தம் நின்றது. ஆவுடையப்பன் எழுந்து வந்தான். தன் பக்கம் பேசத்தான் வருகிறான் என்று ஒரு கணம் அவள் நினைத்தாள். அவன் நேராகப் பாபநாசத்திடம் போய் இடது கையை நீட்டினான். மேஸ்திரி மடியில் மைப்புட்டி தயாராக இருந்தது.

"அவனுக்கு நீரு யாரு?" என்றாள்.

"தூக்கிட்டுப் போவப் போறவன்" என்றான் அவன், திரும்பாமல். "அறுத்துப் போட்ட ஒடம்பை என்னால தூக்க முடியாது பேச்சி. நாளைக்கு வேலைக்கும் போகணும்."

'உடன்பிறந்தவளாகிய நான்' என்பதை ஓவர்சியர் அடித்துத் திருத்தியதும், விரலைக் காகிதத்தில் அழுத்தினான். பாபநாசம் குனிந்து கவ்வியை எடுத்து, துண்டால் மண்ணைத் துடைத்து, தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கும் அவருக்குக் கை கூசவில்லை. உள்ளே இசக்கியின் பிள்ளை வீறிட்டு அழுதது.

பாடை எழும்பியபோது ஆவுடையப்பன் முன்பக்கம் பிடித்திருந்தான். விரலில் மை காயவில்லை. பேச்சித்தாய் அழவில்லை. அழுதால் அந்தப் பெண்களோடு சேர்ந்து அழவேண்டும். அதற்குச் சும்மா இருக்கலாம்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் தலைமுழுக ஆற்றுக்குக் கிளம்பினார்கள். அவள் யாருக்கும் காத்திராமல் முன்னால் நடந்தாள். வளைவைத் தாண்டித்தான் ஆற்றுக்குப் போகவேண்டும். கவிழ்ந்த வண்டியை எடுத்துவிட்டிருந்தார்கள். தம்பி கிடந்த இடத்தில் புதுமண் போட்டு மிதித்திருந்தார்கள். வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

கட்டைக்குக் கட்டை கவ்வி இருந்தது. இரண்டு முனையிலும். ஒரு கீறல் இல்லாத புதுக் கவ்விகள், எண்ணெய்ப் பிசுக்குடன். பெட்டியில் அடைத்து வந்த வைக்கோல் அவற்றின் இடுக்குகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ராவோடு ராவாக மாட்டியிருக்கிறார்கள். இத்தனை இரும்பு. வீட்டில் இசக்கியின் தலைமாட்டில் ஒரு துண்டு இல்லை.

பின்னால் வந்த பெண்களும் பார்த்தார்கள். பொத்தைப் பக்கமிருந்து வண்டி வருகிற சத்தம் கேட்டது. தள்ளிக்கொண்டு வந்தவன் தூரத்திலிருந்தே, "அக்கா, பைய வெலகிக்கோ" என்றான்.

அவள் குனிந்து ஒரு கவ்வியிலிருந்து வைக்கோலை உருவினாள். அடுத்த கட்டைக்குப் போனாள். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. வளைவு முடிகிற இடத்தில் அவள் நிமிர்ந்து ஓரமாக நின்றபோது ஒரு கை நிறைய வைக்கோல் சேர்ந்திருந்தது. கல் ஏற்றிய வண்டி அவளைத் தாண்டி, கொஞ்சமும் ஆடாமல் போயிற்று.