போணிக்கு மட்டும்

கோமதிநாயகத்துக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். மதுரையில் வைத்து உள்ளுக்குள்ளேயே மெல்லிய குழாய்களைச் செருகி, அவற்றின் வழியாகக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: "குழாயை எடுத்தாச்சு. உடம்புல கதிர் ஒண்ணும் தங்காது. பேத்தியைத் தாராளமாத் தூக்கிக் கொஞ்சலாம்." பக்கத்தில் நின்ற மகன் லிங்கேஷ் நன்றாகத்தான் தலையாட்டினான்.

சங்கரன்கோவிலில் வந்து இறங்கியதும் அந்தத் தலையாட்டல் காற்றோடு போயிற்று. மாடியில் தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். பேத்தி "தாத்தா" என்று படியேறினால் மருமகள் முத்துமாரி ஓடி வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

"டாக்டர்கிட்ட போன் போட்டுக் கேளுலே!" என்று மகனிடம் கத்தினார் கோமதிநாயகம்.

"எதுக்குப்பா வம்பு? பச்சப்பிள்ளைல்லா" என்றான் லிங்கேஷ். டாக்டருக்கு மேல் இவனுக்குத் தெரிந்துவிட்டதாம்!

ஆனால் விடிந்தால் அதே மகன் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிடுவான். வீட்டின் முன்பக்கம் ஜவுளிக்கடை. அன்றன்றைய முதல் வியாபாரம், போணி, அப்பாவின் கையால்தான் நடக்க வேண்டும். அவர் கைராசி அப்படி.

இன்றைக்குச் சிவகிரிக்காரர் ஒருவர் வேட்டி எடுத்தார். கோமதிநாயகம் வாங்கிக் கொடுத்த நோட்டை லிங்கேஷ் இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஏலே, என் கை பட்ட நோட்டக் கண்ணுல ஒத்துதியே, கதிர் ஒட்டாதோ?"

லிங்கேஷ் கல்லாவைச் சாத்தினான்.

"துட்டுல ஒண்ணும் ஒட்டாதுப்பா. நீங்க சட்டுனு மாடிக்குப் போங்க, பாப்பா இங்கன வந்திருவா."